பாட்டுக்கு ஹலால் தேடிய கதை

1

டென்மார்க்கில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. நாய் வளர்க்க, வீடு மாற, பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த, எதற்கும் உண்டு. மன்னிப்புக் கேட்க மட்டும் இல்லை. வேறு யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் தேடினேன். தேடச் சொன்னவர் என் வாப்பா.

வாப்பாவுக்கு இந்த வருடம் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரான மருதமுனையில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போகிறார் என்றால் பெட்டி அடுக்குவது கடைசி வேலைதான். முதல் வேலை வீடு வீடாக ஏறி இறங்குவது. "குத்தம் குறை இருந்தாப் பொறுத்துக்கங்க, ஹலாலாக்கிடுங்க" என்று கேட்பது. வேலிச் சண்டை, வாய்ச் சண்டை, திருப்பிக் கொடுக்காத மண்வெட்டி எல்லாம் அந்த நாட்களில்தான் தீரும். வாப்பா வேன் ஓட்டுபவர். கொழும்பு ஓட்டம். ஊரில் பாதிப் பேரோடு ஏதாவதொரு பயணத்தில் சீட்டுக்காக வாக்குவாதப்பட்டிருப்பார். அதனால் அவருக்கு ஏறி இறங்க நிறைய வாசல்கள் இருந்தன.

ஒரு சனிக்கிழமை அழைத்தார்.

"மனே, ஊடு ஊடாப் போய்ப் பயணம் சொல்லி முடிஞ்சி. எல்லாரும் ஹலாலாக்கிட்டாங்க. ஒராள்தான் பாக்கி."

"ஆரு வாப்பா?"

"பாட்டுக்காரன்."

எனக்கு விளங்கவில்லை. பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. "சொல்லிட்டன் மனே, கேக்கிறாரில்ல. உடுப்பு வாங்கப் போகச் சொன்னா பாட்டுக்காரனத் தேடுறார்."

சங்கதி இதுதான். முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் புதிதாக வந்திருக்கும் இளம் மௌலவி பயான் பிரசங்கம் செய்திருக்கிறார். பாட்டுக் கேட்டால் ஒரு பாவம், அதைக் களவாக எடுத்துக் கேட்டால் இரண்டு பாவம் என்று. முதல் பாதியை ஊர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறது, கேட்டுவிட்டு வெளியே வந்து வேனில் ஏறிப் பாட்டைப் போட்டிருக்கிறது. இரண்டாம் பாதி புதிது. அது வாப்பாவின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

"பாட்டுக் கேட்ட பாவம் எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில மனே. ஹஜ்ஜில அறபாவில நிண்டு அழுவன், அவன் ரஹ்மான், அருளாளன். ஆனா களவெடுத்தது எனக்கும் அந்த மனிசனுக்கும் இடையில. அவர் பொறுக்காம அல்லாஹ் பொறுக்கமாட்டான். மனிசன் ரஹ்மானா?"

"வாப்பா, உங்கட பென்ட்ரைவ்ல ஆயிரம் பாட்டுக் கிடக்கும். ஆயிரம் பேரயும் எங்க தேடுற?"

"மத்ததெல்லாம் ஆக்கள் ஏறினா அவங்களுக்காகப் போடுறது. நான் எனக்கெண்டு போட்டது ஒரு பாட்டுத்தான். மகாஓயாக் காட்டுக்க கண்ணச் சொருகுற நேரம் அதப் போட்டாத்தான் நான் முழிப்பன். அந்தப் பாட்டுக்காரன் பாண்டிருப்புக்காரன். இப்ப உன்ட நாட்டிலதானாம்."

"டென்மார்க்கிலயா?"

"ஓம். நீ படிச்சவன்தானே. கண்டுபுடி."

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் மின்சாரக் கட்டணம் முதல் மாமியின் காணி உறுதி வரை கந்தோர் அலுவல் எதுவானாலும் என் தலையில் விழும். கடலுக்கு அப்பால் வந்தும் விலக்கில்லை. இப்போது மறுமைக் கணக்கும் வந்து சேர்ந்தது. விமானம் ஏற மூன்று கிழமைகூட இல்லை.

2

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊரில் பாட்டைத் தரவிறக்கம் செய்வதில்லை. இறக்குவோம். இறக்கியதைப் பென்ட்ரைவில் ஏத்துவோம். இரண்டும் லொறியில் நெல் மூட்டை ஏற்றி இறக்கும் சொற்கள். மூட்டை இறக்குகிறவனிடம் இது யார் வயலில் விளைந்தது என்று எவரும் கேட்பதில்லை. பாட்டும் அப்படித்தான் இறங்கி, ஏறி, ஊர் முழுக்க ஓடியது.

இந்த வேலையைக் கல்முனையில் நௌஷாத் என்பவன் பார்க்கிறான். போன் திருத்தும் கடை. வாப்பா முதலில் அவனிடம்தான் போயிருக்கிறார். அந்த உரையாடலை வாப்பா எனக்கு இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

"டேய் நௌஷாத், நீ எனக்குப் பாட்டு வித்தாய்தானே?"

"அல்லாவே, நான் பாட்டு விக்கல்ல காக்கா. ஏத்துற கூலிதான் எடுத்தன். பாட்டு சும்மா கிடந்திச்சி."

"சும்மா கிடந்தா எடுக்கலாமா? வாய்க்கால்ல தண்ணியும் சும்மாதான் ஓடுது. அடுத்தவன்ட மடையத் திறந்து உன்ட வயலுக்கு உட்டா தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானை உன்னச் சும்மா உடுவானா?"

நௌஷாத் கெட்டிக்காரன். கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி எடுத்தா அவன்ட வயல்ல குறையும் காக்கா. பாட்டு எடுத்தா அவன்ட வாயில குறையிதா?" என்று கேட்டிருக்கிறான்.

கடையில் நின்ற மூன்று பேரும் சிரித்தார்களாம். ஒருவர், பெரிய பணக்காரர்களின் பாட்டைத்தானே எடுக்கிறோம், அவர்களுக்கு என்ன குறையும் என்றாராம். இன்னொருவர், மார்க்கப் பாட்டை இறக்கினால் இறக்கினவனுக்கு நன்மைகூட உண்டு என்றாராம். இந்த விடயத்தில் எங்கள் ஊரின் பொதுசன அபிப்பிராயம் இவ்வளவுதான். எந்தப் பல்கலைக்கழகம் வந்து ஆராய்ந்தாலும் இதற்கு மேல் கிடைக்காது.

வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "குறைஞ்சிச்சா இல்லையா எண்டு உனக்கும் தெரியா, எனக்கும் தெரியா. அவருட்டக் கேட்டாத்தானே தெரியும்?" என்று சொல்லிவிட்டு வந்து, எனக்கு அழைப்பு எடுத்திருக்கிறார்.

3

படித்தவன் என்றால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும். பாடகர்களின் உரிமைகளைக் கவனிக்கும் ஒரு சங்கம் இங்கே இருக்கிறது. தொலைபேசியில் அழைத்தேன். என் டேனிஷ் மொழி வேலைத்தலத்துக்குப் போதும். இதற்குப் போதுமா என்று தெரியாமல், சொல்ல வேண்டியதை இரண்டு தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

டேனிஷில் 'தில்லதெல்ஸ' என்றால் அனுமதி. 'தில்கீவெல்ஸ' என்றால் மன்னிப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், டேனிஷ்காரரின் தொண்டைக்குள் எங்கோ விழுங்கப்படும் ஓரிரண்டு எழுத்துகள்தான். என் நாக்கில் அந்த வித்தியாசமும் கிடையாது.

"ஒரு பாட்டுக்கு என் தகப்பனாருக்கு அனுமதி வேண்டும்" என்றேன், மன்னிப்பு என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு.

மறுமுனையில் ஒரு பெண். மிக அன்பானவர். "நிச்சயமாக. எங்கே ஒலிபரப்புகிறார்?"

"வேனில்."

"பயணிகள் வாகனமா? எத்தனை இருக்கைகள்?"

சொன்னேன்.

"எந்தத் திகதியில் இருந்து?"

"நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்க முதல் இருந்து."

கொஞ்ச நேரம் தட்டச்சு ஒலி நின்றது. "அப்படியானால் இனிமேலும் ஒலிபரப்பப் போகிறாரா?"

"இல்லை. இனி ஒருபோதும் இல்லை. அவர் மக்காவுக்குப் போகிறார்."

"அப்படியென்றால் அவருக்கு அனுமதி தேவையே இல்லையே!" அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே சந்தோசம். அலுவல் முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

அப்போதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. இரண்டு சொல்லையும் பிரித்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அனுமதி அல்ல, மன்னிப்பு. பக்கத்தில் இருக்கும் யாரிடமோ கேட்டார். திரும்பி வந்து, "மன்னிக்க வேண்டும், மன்னிப்பு எங்கள் பிரிவில் இல்லை" என்றார். பிறகு, உதவ வேண்டும் என்ற நல்ல மனதோடு, "தேவாலயத்தில் கேட்டுப் பார்த்தீர்களா?" என்றார்.

4

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். நான் வேலை செய்யும் இடத்தில் சிவப்பு விளக்கில் வெறும் தெருவைக்கூட எவரும் கடக்கமாட்டார்கள். சைக்கிளில் விளக்கு இல்லாமல் வந்த என்னை ஒருநாள் முழுக்கக் கண்டித்துப் பேசியவர்கள். ஆனால் பாட்டு என்றதும் எல்லோர் முகத்திலும் மாங்காய் திருடிய பையன்களின் சிரிப்பு.

"நான் பதினாறு வயதில் ஒரு முழு வன்தட்டு நிறைய வைத்திருந்தேன்" என்றான் ஹென்றிக். என் பிரிவுக்குப் பொறுப்பானவன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

"மன்னிப்புக் கேட்டாயா?"

"யாரிடம்?"

"பாடினவர்களிடம்."

எல்லோரும் சிரித்தார்கள். அது சட்டத்துக்கும் கம்பனிக்கும் இடையிலான பிரச்சினை என்றார் ஒருவர். இப்போது மாதச் சந்தா கட்டுகிறேன், பழையது தானாகக் கழிந்துவிடும் என்றார் இன்னொருவர். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்பிள்ளை மட்டும், "பாட்டை எதற்கு இறக்க வேண்டும்? அது எப்போதும் அங்கேயே இருக்கிறதே" என்று கேட்டாள். களவு என்று ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அங்கும் மூன்று பேர், இங்கும் மூன்று பேர். நௌஷாத்தின் கடையைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தாலும் வியாபாரம் நடக்கும்.

5

சங்கத்தில் கிடைக்காத ஆள் தமிழ்க் கடையில் கிடைத்தார். பாண்டிருப்புப் பாட்டுக்காரர் என்று கேட்டதும், கருவாடு நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர், "அருள்ராசா அண்ணனா? ஹேர்னிங்கில மகளோட இருக்கிறார்" என்று சொல்லி இலக்கம் தந்தார்.

மகள் எடுத்தாள். டேனிஷில், "எங்களுக்கு எதுவும் வாங்குகிற எண்ணம் இல்லை" என்றாள். நான் தமிழில் சொன்னேன், அவள் டேனிஷில் பதில் சொன்னாள். நான் டேனிஷுக்கு மாறினேன், அவள் தமிழுக்கு மாறினாள். கடைசியில், "அப்பாட பாட்டோ? அதை ஆர் இப்ப கேக்கிறது?" என்றாள். அதில் கேலி இல்லை, உண்மையான ஆச்சரியம்தான். அப்பா கல்யாண வீடுகளில் பாடியவர் என்று தெரியுமாம். ஒரு கசெற் நிறையப் பாடியிருக்கிறார் என்பது தெரியாதாம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். அருள்ராசா அண்ணன் ஒல்லியான மனிதர். கம்பளிச் சட்டையைக் கழுத்து வரை இழுத்துவிட்டிருந்தார். நான் வந்த காரியத்தை நம்பவில்லை. "பாட்டுக் களவெடுத்ததுக்கு மன்னிப்போ? தம்பி, நீர் ஏதும் சீட்டுக் கம்பனியோ?"

வாப்பாவை வீடியோவில் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் ஊர்களுக்கு இடையில் நடந்து போகும் தூரம்தான். அதுவரை கண்டதில்லை.

"அண்ணன், நான் மருதமுனை. வேன் ஓடுற. உங்கட பாட்டக் கேக்காம எடுத்துக் கனகாலம் போட்டுட்டன். ஹலாலாக்கிடுங்க."

"எந்தப் பாட்டு காக்கா?"

இங்கேதான் சிக்கல். பென்ட்ரைவில் பாட்டுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். பாடிக் காட்டவும் முடியாது. இனிப் பாட்டு இல்லை என்று வாப்பா தவ்பாச் செய்துவிட்டார். ஆகவே பாட்டின் வரிகளை, மெட்டு இல்லாமல், தபாற்காரன் தந்தி வாசிக்கிற மாதிரி ஒப்பித்தார்.

"வாவிக் கரையில. வந்து நிண்ட புள்ள. வலைக்குள்ள நிலாவு. விழுந்திட்டுதே. மெல்ல."

அருள்ராசா அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ காக்கா, கொல்லாதேங்க! அப்படியில்ல!" தாளத்துக்கு மேசையைத் தட்டிக்கொண்டு அவரே பாடினார். சமையலறையில் இருந்த மகள் கை ஈரத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள். திரையில் வாப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "நான் கேக்கல்ல மனே, அது காதுல விழுந்திச்சி" என்றார்.

பாடி முடித்தவர் மேசையில் இருந்து கையை எடுத்தார். பிறகு திரையைப் பார்க்காமல் சொன்னார். "காக்கா, கோபிக்காதேங்க, ஒண்டு சொல்றன். அந்தக் காலத்தில ஒரு கசெற்ற வாங்கி ஊரெல்லாம் கொப்பி அடிச்சாங்க. கடை கடையாக் கேட்டுப் போனா என்ட கசெற்ற எனக்கே விக்கப் பாத்தாங்க. ரெண்டாவது கசெற்றுக்கு எழுதி வெச்ச பாட்டெல்லாம் அப்படியே கிடந்து போச்சு. நான் இஞ்ச வந்து பாத்திரம் கழுவினன்."

வாப்பாவின் முகம் சின்னதாகிவிட்டது. குறைந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது. "அல்லாவே" என்றார். அருள்ராசா அண்ணன் பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் அவரைப் பிழை சொல்லவும் முடியாது.

"ஆனா கேட்டு வந்தது நீங்க ஒராள்தான்" என்றார் அருள்ராசா அண்ணன். "தந்திட்டன் காக்கா. முழு மனசாத் தந்திட்டன். நிம்மதியாப் போயிட்டு வாங்க."

வாப்பா அழுதார். நானும் கொஞ்சம். மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், அருள்ராசா அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

"இப்ப நானும் ஒரு உண்மை சொல்லோணும். வரிதான் என்ட. மெட்டு என்டயில்ல. உங்கட நோன்பு காலத்தில விடிய முதல் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப ஒரு பக்கீர் பாவா றபான் தட்டிப் பாடிக்கொண்டு எங்கட ரோட்டால போவார். படுக்கையில கிடந்து கேட்டுக் கேட்டு அந்த மெட்டுக்கு நான் வரி போட்டன். அவருட்டக் கேக்கல்ல."

வாப்பா கண்ணைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"அப்ப நீங்க எனக்கு ஹலாலாக்கினது வரிக்கு மட்டும்தான்" என்றார். "மெட்டு பாக்கி."

6

விமானத்துக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது வாப்பா பாவாவைக் கண்டுபிடித்தார். அட்டாளைச்சேனையில் மகளின் வீட்டில் இருக்கிறார். பல் இல்லை, காது மந்தம், நினைவு மட்டும் கூர்மை. அருள்ராசா அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு பேருக்காகக் கேட்கப் போனார் வாப்பா. உம்மாவும் கூடப் போனார், இந்த மனிசன் அங்கேயிருந்து வேறெங்கும் போய்விடாமல் பிடித்துக்கொண்டு வர. மீதிக் கதை உம்மா சொன்னது.

"பாவா, உங்கட மெட்டு ஒண்ட ஒரு தமிழ் அண்ணன் எடுத்துட்டார். அவர்ட பாட்ட நான் எடுத்துட்டன். ரெண்டு பேருக்கும் ஹலாலாக்குங்க."

"எந்த மெட்டு?"

மறுபடியும் அதே சிக்கல். இந்த முறை உம்மாவுக்குப் பொறுமை இல்லை. அவரே முணுமுணுத்துக் காட்டினார். உம்மா பாடி வாப்பா கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

பாவா பொக்கை வாயால் சிரித்தார். "அதா? அது என்ட இல்லயே மகன். ரேடியோவில கேட்டது. ஏதோ படப் பாட்டு. என்ன படமெண்டு தெரியா, நான் படம் பாக்கிறல்ல. சும்மா கிடந்த மெட்டுக்கு அல்லாஹ்ட பேரப் போட்டன். அதோட அது சுத்தமாயிட்டெண்டு நினைச்சன்." பிறகு அவருக்கே பயம் பிடித்துவிட்டது. "ஏன் மகன், அதுக்கும் கேள்வி கணக்கு இருக்குமா?"

ஒரு கடனைத் தீர்க்கப் போன வாப்பா, மூன்று பேரின் கடனோடு வீடு வந்தார்.

அன்றிலிருந்து அந்தப் படத்தைத் தேடும் வேலை எனக்கு. பாட்டை முணுமுணுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறதே, அதில் முயன்றேன். வேலைத்தலத்தில் பொருள் அடுக்கும் அறைக்குள் நின்று போனுக்குள் முணுமுணுத்தேன். அது யோசித்து, ஒரு டேனிஷ் கிறிஸ்மஸ் பாட்டு என்றது. இன்னொரு முறை முணுமுணுத்தபோது குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு என்றது. திரும்பிப் பார்த்தால் ஹென்றிக் நிற்கிறான்.

"அழகான மெட்டு" என்றான். "எங்கே இறக்கலாம்?"

"இறக்காதே" என்றேன். "ஏற்கெனவே என்னோடு சேர்த்து நான்கு பேர் மாட்டியிருக்கிறோம்."

தெரிந்த பாட்டுப் பைத்தியங்கள் எல்லோருக்கும் என் முணுமுணுப்பைப் பதிவுசெய்து அனுப்பிக் கேட்டேன். ஒருவர் ஹிந்தி என்றார், ஒருவர் அதற்கும் முந்திய தமிழ்ப் படம் என்றார். மூன்றாமவர், அதுவே ஓர் அரபு மெட்டின் தழுவலாக இருக்கலாம் என்றார். அதை மட்டும் வாப்பாவிடம் சொல்லவில்லை.

7

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வாப்பா வீடியோவில் வந்தார். வெள்ளை இஹ்ராம் துணி உடுத்திருந்தார். கழுத்தில் கடவுச்சீட்டுப் பை. தோளை மூடத் தெரியாமல் துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவரை எப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்த எனக்கு, பயணி இருக்கையில் அவரைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

"கிடைச்சிச்சா மனே?"

"இல்ல வாப்பா. எல்லா இடமும் பாத்துட்டன்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. படித்தவன் என்ற பெயரோடு இத்தனை வருடம் இருந்துவிட்டு, அவர் கேட்ட ஒரேயொரு பெயரை என்னால் கண்டுபிடித்துக் கொடுக்க முடியவில்லை.

வாப்பாவுக்குப் பின்னால் ஹாஜிமார் தல்பியாப் பிரார்த்தனை சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"மௌலவிட்டக் கேட்டுட்டன். ஹக்குக்காரன், உரிமையுள்ள ஆள், ஆரெண்டு தேடியும் கிடைக்காட்டி, அவருக்காக நன்மை செய்யட்டாம். அதால கஃபாவ ஒரு தவாப் அவருக்காகச் சுத்துறன். அருள்ராசா அண்ணன்ட கடனுக்கும் பாவாட கடனுக்கும் சேத்துத்தான்."

"அவர் நம்மட மார்க்கமோ என்னவோ வாப்பா."

"என்னவா இருந்தாலும் ஹக்கு ஹக்குத்தானே."

"பேரும் தெரியாது. ஊரும் தெரியாது. இருக்காரா இல்லையா எண்டும் தெரியாது. அங்க போய் நிண்டு ஆருக்காகச் சுத்துறன் எண்டு சொல்லுவீங்க?"

யாரோ அவரை வரிசைக்குக் கூப்பிட்டார்கள். வாப்பா துணியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"பேர் தெரியாட்டி என்ன மனே" என்றார். "அல்லாஹ்வுக்கு மெட்டுத் தெரியும்தானே."